பதின்மூன்றாவது துணி

இன்ஜின் பிரித்துக் கட்டும் அந்த மெக்கானிக்குக்கு 'நுணுக்கம்' என்று பெயர் வைத்தவர் பக்கத்து லேத் பட்டறைக்காரர். பாராட்டித்தான் வைத்திருக்கிறார் என்று மெக்கானிக் முதல் இரண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். ஒரு நட்டை இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நாலடி போய், திரும்பி வந்து அதே நட்டை மறுபடி இறுக்கிப் பார்க்கிற மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று லேத்காரர் யாரிடமோ சொன்னது பிறகுதான் காதுக்கு வந்தது. நுணுக்கம் கோபித்துக்கொள்ளவில்லை. "அவன் சொன்னது கம்மி. எங்க வீட்டுக்காரியக் கேட்டுப் பாருங்க, இன்னும் நல்ல பேரா நாலு சொல்லுவா" என்று தானே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

தன்னைத் தானே கேலி செய்துகொள்வது அவருக்குக் கைவந்த கலை. வீட்டுக் கட்டிலுக்கு ஒரு கால் மூன்று மில்லிமீட்டர் குட்டை என்று கண்டுபிடித்து, மற்ற மூன்று கால்களையும் அறுத்துச் சமப்படுத்தி, அப்புறமும் கட்டில் ஆட, கடைசியில் பார்த்தால் கோணலாக இருந்தது தரை. இந்தக் கதையை அவர் வாயால் கேட்காத வாடிக்கையாளரே கிடையாது. பட்டறையைப் பூட்டினோமா இல்லையா என்று பாதி வழியில் திரும்பிப் போய், பூட்டைத் திறந்து பார்த்து, மறுபடி பூட்டாமலே வீட்டுக்கு வந்த கதையும் உண்டு. கேட்டவர்கள் எல்லாம், இந்த ஆளிடம் ஒளிவு மறைவே இல்லை, வெள்ளை மனசு என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அங்கேதான் ஏமாந்தார்கள். பதினொரு வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாத கதை ஒன்று இருந்தது.

அப்போது அவருடைய அக்காவின் கணவர் வெளியூர்ப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். நுணுக்கம் அவரை மாமா என்று கூப்பிடுவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரு விடுமுறை நாளில், புதிதாகக் கட்டி முடித்த இன்ஜின் ஒன்றை வாடிக்கையாளர் வீட்டில் இறக்க, மாமா பிக்கப் ஓட்ட வந்தார். இன்ஜினைக் கயிறு போட்டுக் கட்டியவர் நுணுக்கம். இன்ஜினைத் தூக்குவதற்கென்றே அதில் இரண்டு கொக்கிகள் உண்டு. கயிற்றை அதில்தான் மாட்ட வேண்டும். ஒரு பக்கக் கயிறு ஒரு சாண் போதவில்லை. நீளமான கயிறு பட்டறைக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இருபது எட்டு வைத்தால் எடுத்து வந்துவிடலாம். வெயில், பசி, சோம்பல். கைக்கு எட்டிய இடத்தில், டைனமோவைத் தாங்குகிற தகட்டில், அந்தக் கயிற்றை முடிந்துவிட்டார். ஒரே நட்டை இரண்டு தரம் இறுக்குகிற நுணுக்கம் அன்று செய்த வேலை அது.

ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது தகடு ஒடிந்தது. இன்ஜின் சறுக்கிப் போய்ப் பின்கதவை உடைத்துக்கொண்டு நடுரோட்டில் விழுந்தது. இன்ஜினின் வார்ப்பு உடல் இரண்டாகப் பிளந்துவிட்டது. மாமா முகம் வெளிறி இறங்கி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்துச் சீட்டில் வந்த நுணுக்கத்தின் வாய் திறந்துகொண்டது.

"அம்பதுல வந்தீங்களே மாமா!"

யோசித்துச் சொன்னதில்லை. வந்து விழுந்த வார்த்தை. சாயங்காலம் தனியாகப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சாயங்காலம் அப்பா வந்து மாமாவை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் சொல்லலாம் என்று போனால் அக்கா அழுது முகம் வீங்கி நின்றாள். அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போட்டதில் சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டையிலேயே துருப்பிடித்துவிட்டது. ஒடிந்த தகட்டை மட்டும் அன்றே பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டு, வழியில் சாக்கடையில் எறிந்துவிட்டிருந்தார். நுணுக்கமான ஆள் அல்லவா, தடயத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து மாமா பேருந்து வேலையை விட்டார். முதுகு வலி என்றார். ஒரு பழைய காரை வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆரம்பித்தார். காலியான ரோட்டிலும் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகமாட்டார். பிள்ளைகள் அவருக்கு 'இருபது மாமா' என்று பெயர் வைத்தார்கள். குடும்ப விசேஷங்களில் அதைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். நுணுக்கம் கொஞ்சம் கூடுதல் சத்தமாகவே சிரிப்பார். மாமாவுக்கு அந்தக் கயிறு விஷயம் தெரிந்திருக்கும், பார்த்திருப்பார், பெரிய மனசு, விட்டுவிட்டார் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு பதினொரு வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டார், தூங்கினார்.

இப்போது மாமாவின் கார் படுத்துவிட்டது. பள்ளி விடுமுறையில் இன்ஜின் உயிரை விட்டது. அக்கா போன் செய்தாள்.

"உன்கிட்ட குடுக்க எனக்கு இஷ்டமில்ல, மறுபடி உன் உழைப்ப ரோட்டுல போட்டுருவாரோன்னு பயம். உங்க மாமாதான், அவனத் தவிர வேற யார் கையும் இதுல படக் கூடாதுங்கறார். திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது. அன்னைக்குக் காலையில பள்ளிக்கூட கேட்டுக்கு வண்டி வரலைன்னா பிள்ளைங்கள வேற வண்டிக்கு மாத்திருவோம்னு சொல்லிட்டாங்க. அது போச்சுன்னா எங்களுக்கு வேற ஒன்னும் இல்ல. புரியுதா?"

"புரியுது அக்கா."

"வழியில எங்கயும் போட்டு ஒடைக்காம கொண்டாந்து சேருங்க. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன். அவருக்குக் கூடுதலா சொல்லணும், சொல்லிட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை நுணுக்கத்துக்குச் சுருக்கென்றது.

செத்த இன்ஜினைப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது யாரும் கவலைப்படவில்லை. உயிர் கொடுத்த இன்ஜினைத் திருப்பிக் கொண்டுபோவதுதான் பெரிய பாடு. சனிக்கிழமை காலையில் மாமா நண்பரின் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தபோது, நுணுக்கம் தேர்வு எழுதப்போகிற பிள்ளைபோல் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார். இன்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டி வெறும் தகரம். பாரம் அதன்மேல் உட்கார்ந்தால் நசுங்கும். நசுங்கினால் எண்ணெய் மேலே ஏறாது, ஓடிய ஐந்தாவது நிமிஷத்தில் இன்ஜின் இறுகி நின்றுவிடும். அதனால் மரச்சட்டத்தில் ஒரு தொட்டில் செய்து, அதற்கடியில் பழைய டயர் ஒன்றைப் போட்டார். செயின் பிளாக் கப்பியில் தூக்கி, முன்பக்கக் கேபினை ஒட்டி உட்காரவைத்தார். நாலு மூலைக்கும் நாலு பெல்ட், நாலும் தூக்குக் கொக்கிகளில் மட்டும். அதற்குமேல் ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலி அறுந்தால் பிடிக்க இன்னொரு கயிறு. அன்றைக்கு ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்த அதே கயிறு.

"இத இறக்கறதுக்கு நாளைக்கு ஒரு வக்கீல கூட்டிட்டு வரணும்போல இருக்கே மச்சான்" என்றார் மாமா.

"நானும் அதத்தான் நெனச்சேன். முடிச்சு எங்க இருக்குன்னு எனக்கே மறந்துபோச்சு" என்றார் நுணுக்கம்.

பிறகு துணிகள். இன்ஜினில் திறந்திருக்கிற ஓட்டைகளில் தூசி போனால் செய்த வேலையெல்லாம் பாழ். புகை வெளியேறும் வாய் நாலு, தண்ணீர் போய்வர மூன்று, எண்ணெய் வழிகள் மூன்று, பெட்ரோல் வழி ஒன்று, மேலே கார்புரேட்டர் உட்காருகிற காற்று வாய் ஒன்று. மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் சுத்தமான வெள்ளைத் துணி வெட்டி, வாலாகச் சிவப்பு நூல் கட்டி அடைத்தார். ஒரு துணியை உள்ளே மறந்துவிட்டால் அதைவிட அசட்டுத்தனம் இந்தத் தொழிலில் வேறு கிடையாது.

"எண்ணிக்கை உங்க பொறுப்பு மாமா. நாளைக்கு எடுக்கும்போது பன்னெண்டும் வெளிய வரணும்."

மாமா பேனாவை வாங்கி உள்ளங்கையில் பெரிதாகப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார். ஒவ்வொரு துணியாகத் தொட்டு எண்ணி, இரண்டாம் முறையும் எண்ணினார். நுணுக்கத்துக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

அக்கா வீடு அறுபது கிலோமீட்டர். இருபதில் போனால் மூன்று மணி நேரம். மாமா இருபதில்தான் போனார். வேகத்தடை கண்ணில் பட்டாலே வண்டியை நிறுத்தி, முதல் கியர் போட்டு, முன்சக்கரத்தை ஏற்றி, இறக்கி, பின்சக்கரத்தை ஏற்றி, இறக்கி, பெருமூச்சு விட்டு, அப்புறம் கிளம்பினார்.

"மாமா, பின்னாடி சைக்கிள்ல ஒருத்தர் வர்றார். அவசரமாம், வழி விடச் சொல்றார்."

"விட்டாச்சு" என்று மாமா நிஜமாகவே ஓரம் கட்டினார்.

பாதி வழியில் ஒரு டீக்கடை. மாமா இறங்கி டீ வாங்கப் போனார். அந்த இடத்தில் ரோட்டை ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருந்தார்கள். மண் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நுணுக்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னால் ஏறி, இன்ஜின்மேல் மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். காற்று வாயில் இருந்த துணி கொஞ்சம் தளர்ந்திருந்ததுபோல் இருந்தது. இருந்ததா, அப்படித் தோன்றியதா என்று இன்று கேட்டால் அவருக்கே தெரியாது. எங்கிருந்து தூசி நுழைந்தாலும் தப்பலாம், அந்த வாயில் நுழைந்தால் நேரே சிலிண்டருக்குத்தான் போகும். உள்ளே இன்னொரு துணி அடைத்தால் நல்லது. வண்டியில் கிடந்த துணிகளெல்லாம் மண்ணும் கிரீசும். சுத்தமான துணி என்று அங்கே இருந்தது ஒன்றே ஒன்றுதான். அன்று காலையில் மனைவி எடுத்துக் கொடுத்த புது பனியன். அது அவர் உடம்பில் இருந்தது.

தூக்கிய தார்ப்பாய்க்கடியில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினார். பனியனைக் கழற்றி முதுகுப் பக்கத்தைக் கிழித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து மெதுவாகக் கடந்தது. ஜன்னலோரம் இருந்த அம்மாள் ஒருத்தி, பிக்கப்புக்குள் வெற்று உடம்போடு குந்திப் பனியனைக் கிழித்துக்கொண்டிருக்கிற ஆளைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். நுணுக்கம் அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். கிழித்த துண்டை உருட்டி, காற்று வாயின் வளைவுக்குள் விரல் எட்டும் மட்டும் தள்ளி, பழைய துணியை அதன்மேல் அடைத்தார். மிச்சப் பனியனைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு சட்டையைப் போட்டார். மாமா வந்ததும் சொல்லி, கையில் இருக்கிற பன்னிரண்டைப் பதின்மூன்று ஆக்கிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கீழே இறங்கினார்.

மாமா இரண்டு கையிலும் டீயோடு வந்தார். ஒன்றை நீட்டினார். கண்ணை ரோட்டின்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மச்சான், ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா. அன்னைக்கு அந்த இன்ஜின் விழுந்துச்சே. நான் அம்பதுலதான் வந்தேனா?"

 நுணுக்கத்துக்கு டீ கையில் சிந்திச் சுட்டதுகூட உறைக்கவில்லை. குத்திக் காட்டுகிறார், பதினொரு வருஷம் பொறுத்தவர் இன்றைக்குக் கணக்குத் தீர்க்கிறார் என்று நினைத்தார்.

"எதுக்கு மாமா இப்ப அதெல்லாம். பழைய கதை. விடுங்க. மழை வர்ற மாதிரி இருக்கு, கெளம்பலாம்."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மாமா அண்ணாந்து பார்த்தார், சரி என்றார், டீயைக் குடித்து முடித்தார். மீதி முப்பது கிலோமீட்டரும் நுணுக்கம் வாயைத் திறக்கவில்லை. பேச்சு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயத்தில், ஜன்னலுக்கு வெளியே மைல்கற்களை எண்ணிக்கொண்டே வந்தார். பனியனை எண்ண மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக் கார் கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. மாற்றுத் துணி எடுத்து வராத நுணுக்கம் முந்தின நாள் போட்ட சட்டையோடே வேலையில் இறங்கினார். உத்தரத்தில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு இன்ஜினைத் தூக்கினார்கள். அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நுணுக்கம் ஒவ்வொரு சிவப்பு நூலாகப் பிடித்து இழுக்க, மாமா சத்தமாக எண்ணினார்.

"பத்து, பதினொன்னு, பன்னெண்டு. முடிஞ்சுது மச்சான். சரியா இருக்கு."

கணக்கு சரியாக வந்துவிட்டால் நுணுக்கத்துக்குத் தனி நிம்மதி. பன்னிரண்டு போட்டோம், பன்னிரண்டும் வந்தது, அப்புறம் என்ன. இன்ஜின் இறங்கியது. கிளட்ச் பொருந்தியது. காற்று வாயின் விளிம்பைத் துடைத்து, கசியாமலிருக்க அட்டையை வைத்து, கார்புரேட்டரை உட்காரவைத்து முடுக்கினார். இரண்டு தரம் முடுக்கினார். எண்ணெய் ஊற்றி, தண்ணீர் ஊற்றி நிமிர்ந்தபோது மணி மூன்று.

"அக்கா, நீயே சாவியத் திருப்பு. உன் கையால ஆரம்பிக்கட்டும்."

அக்கா உள்ளே உட்கார்ந்து திருப்பினாள். கிர்ர், கிர்ர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாள். சுற்றியது. பிடிக்கவில்லை. நுணுக்கம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி நன்றாகவே வந்தது. பெட்ரோல் வந்தது. டைமிங் குறி மயிரிழை பிசகாமல் இருந்தது. மறுபடி கிர்ர். பாட்டரி இழுக்க ஆரம்பித்தது. மணி நாலரை. திங்கள் காலை ஏழு மணிக்கு ஆறு பிள்ளைகள் அவரவர் வீட்டு வாசலில் வண்டிக்காக நிற்பார்கள்.  

கடைசியில் நுணுக்கம் கார்புரேட்டரின் வாயில் உள்ளங்கையை வைத்து மூடினார். "திருப்பு அக்கா." இன்ஜின் சுற்றும்போது காற்றை இழுக்கும், கையை அது உறிஞ்ச வேண்டும். உறிஞ்சவில்லை. கை சும்மா இருந்தது. உள்ளே காற்றே போகவில்லை. ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த நொடியில் முதுகில் சட்டை நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்கு உறைத்தது.

"என்னடா?" என்றாள் அக்கா.

"உள்ள துணி இருக்கு" என்றார். அவ்வளவுதான் வாயில் வந்தது.

மாமா உள்ளங்கையைப் பார்த்தார். பாதி அழிந்த பன்னிரண்டு அங்கே இருந்தது. அவர் முகம் பதினொரு வருஷத்துக்கு முன் ரோட்டில் இறங்கி வந்தபோது வெளிறிய மாதிரியே வெளிறியது.

"நான்தான் மச்சான். தப்பா எண்ணிட்டேன்போல. எண்ணிக்கை என் பொறுப்புதானே."

அக்கா காரிலிருந்து இறங்கினாள். "ஒரு துணிய எண்ணத் தெரியலையா உங்களுக்கு? அன்னைக்கும் இப்படித்தான். அவன் ராப்பகலா உழைச்சுக் கட்டினத நடுரோட்டுல போட்டீங்க. இன்னைக்கும் அவன் உழைப்புல மண்ணப் போட்டாச்சு. எப்பதான் ஒரு காரியத்த ஒழுங்கா செய்வீங்க?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். 

நுணுக்கத்துக்கு அங்கே ஒன்றும் செய்யத் தேவையில்லை. பழி தானாகவே இன்னொருவர் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது, இந்தத் தடவை அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு துணியை எடுத்துவிட்டால் ஆயிற்று. கார் ஓடும், அக்கா சமாதானமாவாள், மாமா இன்னும் பத்து வருஷம் தலை குனிந்து நடப்பார். இவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. வெட்கம் காதுவரை சூடாக ஏறியது.

அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னடா பண்ற?" என்றாள் அக்கா.

சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றார். முன்னால் பனியன் இருந்தது. பின்னால் இல்லை. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே வெறும் முதுகு.

"பதிமூணாவது துணி இது. டீக்கடையில நான்தான் அடைச்சேன். சொல்ல மறந்துட்டேன். மாமா சரியாத்தான் எண்ணினார்."

அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும்; உதடு துடித்தது. அதைப் பார்த்ததும் நுணுக்கத்துக்கு ஆசையாக இருந்தது. இதையே ஒரு கதையாக்கி, பேருந்து அம்மாளையும் சேர்த்துச் சொல்லி, எல்லோரையும் சிரிக்க வைத்துத் தப்பித்துவிடலாம். அவருக்குத் தெரிந்த வழி அதுதான். ஆனால் மாமா இன்னும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அன்னைக்கும் நான்தான்" என்றார் நுணுக்கம். "கயித்தக் கொக்கியில மாட்டல. எட்டலைன்னு டைனமோ தகட்டுல கட்டினேன். தகடு ஒடிஞ்சுதான் விழுந்துச்சு. ஒடிஞ்சத எடுத்து சாக்கடையில போட்டுட்டேன். மாமா அம்பதுல வரல. முப்பதுகூட இருக்காது."

  மாமா பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பதா?"

"ஆமா மாமா. உங்களுக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சுட்டிருந்தேன். தெரிஞ்சும் பெருந்தன்மையா விட்டுட்டீங்கன்னு..."

"எனக்கு எப்படித் தெரியும்?" மாமாவின் குரல் உயரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல் கேட்டார். "மீட்டர்ல நான் முப்பதுதான் பார்த்தேன். நீ அம்பதுன்னு சொன்ன. நீ ஒரு அளவு சொன்னா அது தப்பா இருக்காதே. அதனால என் கண்ணத்தான் சந்தேகப்பட்டேன். முள்ளு முப்பதுல நிக்குதா அம்பதுல நிக்குதான்னு தெரியாதவன், நாப்பது பேர ஏத்திட்டு பஸ் ஓட்டலாமா? அதான் விட்டேன்."

"முதுகு வலின்னு சொன்னீங்க" என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்திருந்தது.

"கண்ணு சரியில்லன்னு சொன்னா பிள்ளைங்கள ஏத்த விடுவாங்களா? அதான் இருபதுலயே ஓட்டினேன். அது எனக்கு நிச்சயமாத் தெரியும், வண்டியோட சத்தத்த வெச்சே தெரியும்."

நுணுக்கம் பாதிப் பனியனோடு நின்றார். குடும்ப விசேஷங்களில் 'இருபது மாமா' என்று சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தது. எல்லாவற்றிலும் அவருடைய சத்தம்தான் பெரிதாக இருந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த வார்த்தை அளவு போதாத சின்ன நட்டாகத் தோன்றியது. ஆனாலும் சொன்னார். மாமா தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அக்காதான் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல அந்தத் துணிய எடு. உன்ன அப்புறம் பார்த்துக்கறேன்" என்றாள்.

கார்புரேட்டரைக் கழற்றி, நீள மூக்குக் குறடை உள்ளே விட்டு இழுத்தார். பனியன் வந்தது, கழுத்துச் சீட்டோடு. அளவு தொண்ணூற்றைந்து என்று அதில் அச்சடித்திருந்தது. மாமா அதை வாங்கி, கையில் விரித்து, முழுசாக இருக்கிறதா, நூல் கீல் உள்ளே தங்கியிருக்கிறதா என்று ஓரத்தைத் தடவிப் பார்த்தார். முழுசாக இருக்கிறது என்று தலையாட்டினார். கார்புரேட்டர் மறுபடி ஏறியது. அண்டை வீட்டுப் பாட்டரியைக் கடன் வாங்கி மாட்டினார்கள். அக்கா சாவியைத் திருப்பியதும் இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. சீரான சத்தம், ஒரு தட்டல் இல்லை. வேறு நாளாக இருந்திருந்தால் நுணுக்கம் குதித்திருப்பார்.

கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு மாமா ஓட்டுகிற இடத்தில் ஏறினார். அக்கா பக்கத்தில். நுணுக்கம் தயங்கி நின்றார்.

"ஏறு மச்சான். சத்தத்தக் கேக்கறதுக்கு நீ வேணுமே."

தெருவைக் கடந்து அகலமான ரோட்டுக்கு வந்ததும் மாமா கேட்டார். "இப்ப எவ்வளவு வேகம் போகலாம்?"

நுணுக்கத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பதினொரு வருஷம் கழித்து மனுஷன் வாய்விட்டு வேகம் கேட்கிறார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இது.

"புதுசாக் கட்டின இன்ஜின் மாமா. மொதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பதத் தாண்டக் கூடாது."

மாமா கண்ணாடியில் அவரைப் பார்த்தார். சிரித்ததுபோல் இருந்தது. வண்டி முப்பதுக்கு வந்தது, முப்பத்தைந்து, நாற்பது. அக்கா பழக்கத்தில் "மெதுவா" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மாமா முள்ளையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நாப்பது" என்று சத்தமாகப் படித்தார். "நாப்பதுதான் மாமா" என்றார் பின்னாலிருந்து நுணுக்கம்.

எதிரே ஒரு வேகத்தடை வந்தது. சின்னது, இருபத்தைந்தில் தாராளமாகத் தாண்டலாம். வண்டியின் வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, வேகத்தடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றே போனது. முதல் கியர் விழுந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. தாண்டியதும் மாமா ஓரமாக நிறுத்திவிட்டு, தன் வலது காலைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியுது மச்சான், நான் வேகமா வரலைன்னு. இது கேக்கமாட்டேங்குது." முழங்காலைத் தட்டினார். "இன்ஜினுக்கு ஆயிரம் கிலோமீட்டர்னு சொன்ன. இதுக்கு எவ்வளவு ஆகும்?"

எந்த இன்ஜினைக் கேட்டாலும், எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லக்கூடியவர் நுணுக்கம். வாய்க்கு வந்த ஒரு எண்ணை அன்றொரு நாள் சொன்னவரும் அவர்தான்.

"தெரியல மாமா" என்றார்.